கோழிக்குப் போன வார்த்தை

கோழி எச்சத்தை ஈரமாக இருக்கும்போது தொடக்கூடாது. தொட்டால் புல்லுக்குள் இழுபடும். ஒரு இடத்தில் கிடந்தது ஊரெல்லாம் பரவும். குழாயைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சினால் இன்னும் மோசம். மேலே கிடந்தது வேருக்கு இறங்கி, வெயில் ஏற ஏற அந்த நாற்றம் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிடும். முதலில் மேலே மரத்தூளைத் தூவ வேண்டும். ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு கொத்துக்கரண்டியைப் புல்லோடு புல்லாகப் படுக்க வைத்து, அடியில் நுழைத்து, ஒரே தூக்கு. அவ்வளவுதான்.

பாருவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த காலமெல்லாம் மனிதர்களுக்கு அள்ளிப் போட்டவளுக்குக் கோழி ஒரு கணக்கா? அள்ளுவதில் அவளுக்குக் கூச்சமும் கிடையாது, குறையும் கிடையாது. ஆனால் புல்தரையில் குந்தி உட்கார்ந்து மரத்தூளைத் தூவிக்கொண்டிருந்த அந்தக் காலையில் அவள் வயிறு பற்றி எரிந்தது. நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர், எச்சம் போட்ட கோழியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முழுச் சிரிப்பு இல்லை. பக்கவாதம் வந்தபின் அவர் வாயில் இடப்பக்கம் மட்டும்தான் ஏறும். அந்த அரைச் சிரிப்புகூட பாருவைப் பார்த்து வந்ததில்லை. குளிப்பாட்டுகிறவள் அவள். ஊட்டிவிடுகிறவள் அவள். படுக்கைப் புண் வராமல் நேரம் பார்த்துப் புரட்டிப் படுக்க வைக்கிறவள் அவள். சிரிப்பு மட்டும் கோழிக்கு.

பாரு என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. கல்யாணமான புதிதில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வெட்கப்பட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் "இங்க பாரு," சட்டையைக் காணோமென்றால் "இங்க பாரு." மாமியார் காதில் அது விழுந்து, நாத்தனார் வாயில் ஏறி, கடைசியில் "இங்க" உதிர்ந்துபோய் "பாரு" மட்டும் மிஞ்சியது. ரேஷன் கடையில்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவளுக்கே திரும்பத் தோன்றும்.

அவர் லாரி டிரைவர். வாழ்நாளில் பாதியை ரோட்டிலும் மீதியைத் தூக்கத்திலும் கழித்தவர். வீட்டில் இருக்கும் நாளில் பின்பக்கத்துக் காலி இடத்தில் பழைய டயரையும் ஆயில் டப்பாவையும் பரப்பிவைத்து உட்கார்ந்திருப்பார். பாரு ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முதலில் செய்த காரியம், அந்த டயர்களைத் தூக்கி எறிந்ததுதான். ஆயில் குடித்துக் கறுத்துக் கிடந்த மண்ணை வெட்டி எடுத்து, நல்ல மண் கொட்டி, புல் பதித்தாள். "மாடு இல்ல, கன்று இல்ல, யாருக்குப் புல்லு?" என்று கேட்டார் டிரைவர். "எனக்குத்தான். மேய்வேன்" என்றாள். வார்டின் சிமெண்ட் தரையிலேயே நின்று தேய்ந்த பாதங்களுக்கு, வயசான காலத்தில் வைத்து நடக்க ஒரு பச்சை வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை. புல்லும் ஏமாற்றவில்லை. மெத்தை மாதிரி வளர்ந்தது.

அப்புறம் பக்கத்துப் போர்ஷனுக்குச் சின்னவள் குடிவந்தாள். டிரைவரின் தம்பி பெண்டாட்டி, பாருவுக்கு ஓரகத்தி. தம்பிக்காரர் காலையில் பேக்டரிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். சின்னவளுக்குப் பேச ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத நேரத்துக்கு என்று கோழி வாங்கினாள். கறுப்பி, வெள்ளச்சி, அப்புறம் கலெக்டரம்மா. கலெக்டரம்மா செம்பழுப்பு நிறம். கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கி யோசித்து, புல்தரையில் அங்குலம் அங்குலமாக ஆய்வு நடத்துவாள். ஆய்வு முடிந்த இடத்திலெல்லாம் ஒரு முத்திரை வைப்பாள்.

"கூண்டுக்குள்ள வெச்சு வளக்க மாட்டியா?" என்று பாரு கேட்டாள்.

"பாவம்க்கா, அதுங்களுக்கும் கால் இருக்குல்ல?"

"எனக்கும்தான் கால் இருக்கு. வைக்க இடம் எங்க?"

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளோடு சண்டை போடவும் முடியாது. எதைச் சொன்னாலும் சிரிப்பாள். மெத்தையில் குத்துவிட்ட மாதிரி இருக்கும்.

சண்டை முற்றுவதற்குள் டிரைவர் விழுந்துவிட்டார். ஒரு காலையில் செருப்பை மாட்டப் போனவருக்கு வலது கால் கேட்கவில்லை, வலது கை கேட்கவில்லை, வாயும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பாருவிடம் சொன்னார்: "நீங்க பேசுறது எல்லாம் அவருக்குப் புரியும். அவரு மண்டையில சொல்லும் இருக்கு. வாய்க்கு வர்ற வழிதான் அடைச்சுக் கிடக்கு. எப்ப திறக்கும், எவ்வளவு திறக்கும்னு சொல்ல முடியாது."

பாரு தலையாட்டினாள். இதே வார்த்தையை இதே டாக்டர்கள் எத்தனையோ பெண்டாட்டிகளிடம் சொன்னபோது பக்கத்தில் கழிவுத் தட்டோடு நின்றவள் அவள். அந்தப் பெண்டாட்டிகள் அழுவார்கள். பாரு அழவில்லை. ஒன்றை மட்டும் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்: அந்த வழி திறக்கும்போது முதலில் வருவது எனக்கு வர வேண்டும். ஊரான் வீட்டு நோயாளி எத்தனை பேரை எழுப்பி உட்கார வைத்தேன். என் புருஷன் வாயிலிருந்து வரும் முதல் சொல் எனக்குச் சேர வேண்டாமா?

அதுதான் நடக்கவில்லை.

அவரைக் காலை வெயிலுக்குப் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பது பாருவின் வழக்கம். அன்று அவள் நனைந்த படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் நொய்யரிசிக் கிண்ணத்தோடு வந்து "பா... பா... பா..." என்று கோழிகளைக் கூப்பிட்டாள். கறுப்பி ஓடிவந்தது, வெள்ளச்சி ஓடிவந்தது, கலெக்டரம்மா நடந்து வந்தாள். அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம்.

"அக்கா! ஓடியா! மாமா பேசிட்டாரு!"

பாரு ஈர விரிப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் அவர் வாயை மூடிக்கொண்டார்.

"என்ன சொன்னாரு?"

"பா, பான்னாரு! கோழியக் கூப்பிட்டாருக்கா! தெளிவா!"

பாருவின் முகம் மலர்ந்து அப்படியே நின்றது. "கோழியவா? ஏய், என்னக் கூப்பிட்டிருக்காரு. பாருன்னு சொல்ல வந்திருக்காரு. பா வந்துருச்சு, ரு வரல."

"கோழியப் பாத்துல்லக்கா சொன்னாரு?"

"கண்ணு அங்க இருந்தா மனசும் அங்கதான் இருக்கணுமா?"

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வீடு. மிஷினை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினார். மனுஷனுக்கு அடுத்த வீட்டு வழக்கென்றால் அவ்வளவு இஷ்டம். "எத்தனை பா சொன்னாரு?" என்று கேட்டார்.

சின்னவள் யோசித்து, "மூணு, நாலு இருக்கும்ணே" என்றாள்.

"அப்ப கோழிதான். சம்சாரம்னா ஒரு பாவோட நிறுத்தியிருப்பாரு. நாலு பா போட்டு எவன் பொண்டாட்டியக் கூப்பிடுவான்?"

"போய் உங்க காஜாவ கட்டுங்க," என்றாள் பாரு. தலை உள்ளே போய்விட்டது. தீர்ப்பு மட்டும் வெளியே நின்றது.

சாயங்காலம் வெளியூரிலிருந்து மகள் போனில் வந்தாள். முகம் பார்த்துப் பேசும் போன். சித்தி ஏற்கெனவே சேதி சொல்லியிருந்தாள். "அம்மா, போன கொஞ்சம் திருப்பு. அங்க இல்ல, கீழ. கலெக்டரம்மா எங்க?"

பாரு கோழிக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்றவளின் முகத்தைக் கேட்கவில்லை பெண். கலெக்டரம்மா போனுக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி நின்று, முத்திரை ஒன்றை வைத்தாள்.

மறுநாள் சின்னவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் பாரு ஒரு காரியம் செய்தாள். மூன்று கோழியையும் பிடித்துக் கூண்டில் தள்ளிக் கொக்கியை மாட்டினாள். முகம் கழுவி, தலை வாரி, துவைத்த துணி உடுத்திக்கொண்டு வந்து அவர் எதிரே புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவருடைய இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்பதை ஒருமுறை உறுதி செய்துகொண்ட பிறகுதான்.

"இங்க பாருங்க. இப்ப கோழி இல்ல, குஞ்சு இல்ல. நான் மட்டும்தான். கூப்பிடுங்க. பா..."

அவர் பார்த்தார். கண்ணில் ஒரு தவிப்பு ஓடியது. உதடு கூடியது. பாருவும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கூண்டுக்குள் வெள்ளச்சி முட்டையிட்டுவிட்டு, உலகத்தில் முதல் முட்டை அதுதான் என்பது மாதிரிக் கொக்கரித்தது. டிரைவர் தலை படக்கென்று கூண்டுப் பக்கம் திரும்பியது.

"பா" என்றார். "பா, பா."

பாரு எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். நேரே போய்க் கொக்கியை எடுத்துக் கூண்டைத் திறந்துவிட்டாள். "போங்கடி. மாப்பிள கூப்பிடுறாரு."

இதற்குப் பிறகு எச்சம் அள்ளும் வேகமே வேறாகிவிட்டது. கொத்துக்கரண்டி புல்லில் போகும் சத்தத்தை வைத்தே தையல்காரர் அவள் மனநிலையைச் சொல்லிவிடுவார். பாட்டுக்கு எதிர்ப்பாட்டு மாதிரி, கோழி முன்னால் போட்டுக்கொண்டே போக அவள் பின்னால் அள்ளிக்கொண்டே போனாள். கலெக்டரம்மாவின் ஒவ்வொரு முத்திரையும் தன்னைப் பார்த்துச் செய்த கேலியாகவே பட்டது. கட்டிய புருஷனும் பெற்ற மகளும் கோழியைக் கொஞ்ச, தன் பங்குக்குக் கோழியின் பின்புறம்தான் மிஞ்சியது என்று நினைத்துக்கொண்டாள். யாரிடம் சொல்ல? கோழி மேல் பொறாமை என்று சொன்னால் கேட்கிறவள் மூக்கால் சிரிக்க மாட்டாளா?

ஒரு நாள் கலெக்டரம்மாவின் எச்சம் பச்சையாக, தண்ணீராகக் கிடந்தது. பாரு கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வார்டில் வந்த பழக்கம். கழிவைப் பார்க்காமல் கொட்ட அவளுக்கு வராது. நோய் வந்த கோழி என்று உடனே தெரிந்தது. சின்னவளுக்கு இதெல்லாம் தெரியாது. சொல்லாமல் விட்டால் ஒரு வாரம் தாங்காது. பாரு கையுறையோடு அங்கேயே குந்தியிருந்தாள். எழுந்து கொடிப்பக்கம் போனாள். திரும்பி வந்தாள்.

"ஏ சின்னவளே, உன் கலெக்டருக்கு வயிறு சரியில்ல. தனியாப் பிரிச்சுப் போடு. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு."

கோழி பிழைத்துக்கொண்டது. முன்னைவிட மினுமினுப்பாகத் திரும்பி வந்தது. அது கூடையிலிருந்து இறங்கியதும் டிரைவர் ஐந்தாறு பா சொன்னார். தன் கையாலேயே சக்களத்திக்கு வைத்தியம் பார்த்தவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருப்போம் என்று பாரு நினைத்தாள்.

வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பொண்ணு வருவாள். துறுதுறுவென்ற பெண். டிரைவரைச் சுவரைப் பிடித்து நிற்க வைத்தாள். நின்றார். நடக்கச் சொன்னால் மட்டும் கால் எடுத்துவைக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். அவள் பாருவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இந்த ரெண்டு மூணு மாசம்தான்மா முக்கியம். இப்ப நடக்கலேன்னா கால் விறைச்சுப் போயிரும். அப்புறம் படுக்கைதான். அவருக்கு எது பிடிக்குமோ அத முன்னால வெச்சு இழுங்க."

அவருக்கு எது பிடிக்கும் என்பதைப் பாரு சொல்ல வேண்டியிருக்கவில்லை. கலெக்டரம்மா அதற்குள் நாற்காலிக்கடியில் வந்து அவர் விரலைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"அட, இது நல்லாருக்கே!" என்றாள் பிசியோ பொண்ணு. "வெறுங்காலோட புல்லுல நடக்கட்டும். பாதத்துக்கு உணர்ச்சி வரும். கோழிக்கார அக்கா, நீங்க முன்னால நின்னு கோழியக் கூப்பிடுங்க. அம்மா, நீங்க பின்னால."

பின்னால் என்றால் எங்கே என்று பாருவுக்கு யாரும் காட்ட வேண்டாம். நோயாளியின் பலமில்லாத பக்கம், அரை அடி பின்னால். ஒரு கை இடுப்புப் பட்டையில், ஒரு கை தோளுக்குக் கீழே. விழுந்தால் தன் மேல் விழ வேண்டும். அங்கே நிற்பவளுக்கு நோயாளியின் முகம் தெரியாது. நோயாளிக்கும் அவள் முகம் தெரியாது. வேலை செய்கிற கை ஒன்று பின்னால் இருக்கும். அவ்வளவுதான்.

சின்னவள் முன்னால் நின்று "பா... பா..." என்றாள். கோழிகள் அவள் காலைச் சுற்றின. டிரைவர் வலது காலைத் தூக்கவில்லை, இழுத்தார். அப்புறம் இடது கால். அப்புறம் ஒரு இழுப்பு. நடந்துவிட்டார்! சின்னவள் குதித்தாள். தையல்காரர் மதிலுக்கு மேலிருந்து கை தட்டினார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பாரு அவர் பிடரியைப் பார்த்தாள். பிடரியில் வேர்த்திருந்தது. முடி வெட்ட வேண்டும் என்று நினைத்தாள்.

பிசியோ பொண்ணு அதைப் போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "சித்தி, எல்லாம் உங்களாலதான்! உங்க கைக்கு முத்தம்!"

பாரு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். டிரைவர் இருந்தார். சின்னவளின் பல் முழுவதும் இருந்தது. மூன்று கோழியும் இருந்தன. பாரு எங்கே? டிரைவரின் இடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு முழங்கை எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். அந்த முழங்கை யாருடையது என்று உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. தேர் இழுத்தவன் பெயரை யார் கேட்கிறார்கள்?

அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த காலையில் பிசியோ பொண்ணு வரும் நாள் இல்லை. பாரு விடிந்ததும் புல்தரையை ஒரு சுற்று சுத்தம் பண்ணினாள். மரத்தூள் போட்டு, எடுத்து, அந்த இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் நடந்தும் பார்த்தாள். டிரைவரை அழைத்துவந்து பட்டையைக் கட்டினாள். சின்னவள் நொய்க் கிண்ணத்தோடு வந்ததும் கையை நீட்டினாள்.

"கிண்ணத்தக் குடு. இன்னைக்கு நான் முன்னால நிக்கிறேன். நீ பின்னால பிடி."

"ஐயோ, எனக்குப் பிடிக்கத் தெரியாதேக்கா!"

"என்ன பெரிய வித்தை? பட்டையப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே வா. அவ்வளவுதான்."

இதே வார்த்தையைச் சொன்னதற்காக எத்தனை புது ஆயாக்களை வார்டில் வைத்து வறுத்தெடுத்திருப்பாள்! அன்று அவள் வாயிலேயே அது வந்தது. சின்னவளுக்கும் மறுக்கத் தைரியமில்லை. "அக்கா சொன்னா சரி" என்று பின்னால் போய், பொரித்த அப்பளத்தைப் பிடிப்பது மாதிரி இரண்டு விரலால் பட்டையைப் பிடித்தாள்.

பாரு முன்னால் வந்து நின்றாள். நொய்யைத் தன் காலடியில் தூவினாள். "பா... பா..." கோழிகளுக்கு என்ன, கிண்ணம் இருக்கிற கைதான் தாய்க்கை. ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டன. டிரைவர் பார்வை கோழிக்கு வந்தது, கோழியிலிருந்து மெல்ல மேலே ஏறியது, கிண்ணத்துக்கு வந்தது, அவள் முகத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. இடப்பக்கம் உதடு லேசாக ஏறியது.

அந்த நேரத்தில்தான் கலெக்டரம்மா இரண்டு எட்டு முன்னால் நடந்து, டிரைவர் வரும் வழியில் நின்று, ஒன்று போட்டாள். சாதாரணமானது இல்லை. கோழிகள் எப்போதாவது போடுமே, பழுப்பாக, கூழாக, எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு, அந்த ரகம்.

பாரு பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். மரத்தூள் வாளி பக்கத்திலேயே இருந்தது. குனிந்து ஒரு கை அள்ளிப் போட்டால் முடிந்தது. ஆனால் குனிந்தால் அவர் பார்வை கோழிக்குப் போய்விடும். இத்தனை நாள் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறது. வரட்டும், அந்தப் பக்கமாகவா வரப்போகிறார், அப்புறம் அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

"வாங்க," என்றாள். "என்னப் பாத்து வாங்க."

அவரும் அவளைப் பார்த்தே வந்தார். கீழே பார்க்கவில்லை. இழுத்துவந்த வலது பாதம் நேராக அதன் மேல் ஏறி, ஒரு முழம் வழுக்கியது. சின்னவளின் இரண்டு விரலிலிருந்து பட்டை பிய்த்துக்கொண்டு போனது. கிண்ணம் எகிறிற்று. கோழிகள் பறந்தன. டிரைவர் பொத்தென்று உட்கார்ந்தார். மெத்தை மாதிரிப் புல். அதனால் எலும்பு பிழைத்தது. ஆனால் வழுக்கிய பாதத்தில் மிச்சமிருந்தது எல்லாம் இப்போது வேட்டியில்.



"சனியனே!"

லாரி ஹாரன் மாதிரி வந்தது. பழைய குரல். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரு பிசிறு இல்லை. தையல் மிஷின் நின்றது.

பாரு ஓடிப்போய் முதலில் இடுப்பைத் தொட்டாள், முட்டியைத் தொட்டாள், கணுக்காலைத் திருப்பிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. வலியில் முகம் சுளிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது மண்டைக்கு ஏறியது. வார்டில் பார்த்திருக்கிறாள்: பேச்சுப் போனவர்களுக்கு நல்ல வார்த்தைக்கு முன்னால் கெட்ட வார்த்தைதான் வழி கண்டுபிடிக்கும். அம்மா என்று சொல்ல வராதவர்கள்கூட நாக்கூசாமல் திட்டுவார்கள்.

சின்னவள் வெளிறிப்போய் நின்றாள். "அக்கா, என்னத்தான் திட்டுறாரு. நான்தான் விட்டுட்டேன்."

"உன்ன எதுக்குத் திட்டப் போறாரு?"

"அப்ப கலெக்டரையா?"

"ஏன், அந்தக் கோழிக்கு இதுவும் வேணுமாமா?" பாருவின் குரல் ஏறியது. "பா போச்சு, சிரிப்புப் போச்சு, பெத்த மக போச்சு. இதுவுமா? இது என்னோடதுடி! கல்யாணம் ஆன நாள்லருந்து என்னத் தவிர இன்னொருத்தர அந்த மனுஷன் இந்த வார்த்த சொன்னதில்ல. சோத்துல கல்லு கடிச்சா சனியனே. கதவு தொறக்க லேட்டானா சனியனே. டயரத் தூக்கி எறிஞ்ச அன்னைக்கு எத்தனை தடவ சொன்னாருன்னு கேட்டுப் பாரு!"

"நான் சாட்சி," என்றது மதிலுக்கு மேலிருந்த தலை. "அன்னைக்கு நான் எண்ணிட்டே இருந்தேன். ஒரு ஜாக்கெட்டே தெச்சு முடிச்சிட்டேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்தது. "ஏன்க்கா, திட்டுக்கு இப்படி அடிச்சுக்கிற ஒருத்திய நான் பாத்ததே இல்ல. எங்க வீட்டுக்காரரு வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. என்ன இப்படி வாய் நிறையத் திட்ட ஒரு ஆள் இல்ல. இந்தக் கோழிங்கதான் எனக்குக் கூட்டம்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாரு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை நாளில் இப்படி நேராகப் பார்த்ததில்லை.

"நிக்காத," என்றாள். "அந்த நாற்காலியத் தூக்கி அவரு முன்னால போடு. காலால முட்டுக் குடுத்துக்கோ, நகரக் கூடாது. பட்டைய ரெண்டு விரல்ல இல்ல, முஷ்டியால பிடி. இப்படி. உள்ளங்கை மேல பாத்து இருக்கணும். பிடிச்சியா? தப்பு உன்னது இல்ல. நேத்துவரைக்கும் ஒழுங்கா இருந்த புத்தி எனக்குத்தான் இன்னைக்கு மேயப் போயிருச்சு."

அவள் அவருக்குப் பின்னால் போனாள். வலப்பக்கம், அரை அடி தள்ளி. இடது முட்டியை மடக்க வைத்து, கையை நாற்காலியில் ஊன்ற வைத்து, தன் தோளை அவர் கக்கத்துக்குக் கீழே கொடுத்தாள். "ஒண்ணு, ரெண்டு, எழுந்திரிங்க!" அவர் எழுந்துவிட்டார். வேட்டி முழுக்க நாற்றம். இரண்டு பெண்களுக்கு நடுவில் ஆடி ஆடி நின்றார்.

முன்னால் கலெக்டரம்மா ஒன்றும் நடக்காத மாதிரிச் சிதறிய நொய்யை மேய்ந்துகொண்டிருந்தாள். டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. கழுத்தை வலப்பக்கமாகத் திருப்பினார். பக்கவாதம் வந்தபின் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை அவர். பயிற்சியில் எவ்வளவு சொல்லியும் திரும்பவில்லை. இப்போது தோள் நடுங்க நடுங்கத் திரும்பி, பின்னால் நிற்கிறவள் யார் என்று தேடி, பாருவின் முகத்தைக் கண்டுபிடித்தார்.

"சனியனே," என்றார். இந்த முறை மெதுவாக.

"இங்கதான் இருக்கேன்," என்றாள் பாரு. "நேராப் பாத்து நடங்க. மறுபடி விழுந்து தொலையப் போறீங்க."